ஜெப்பர்டி என்றால் தண்டனை என்று அர்த்தமில்லை

கேள்வி: லஞ்ச வழக்கில் கோர்ட் என்னை விடுதலை செய்துவிட்டது. இப்போது அதே விஷயத்துக்கு ஆபீசில் 17(பி) மெமோ, அதாவது துறை விசாரணைக்கான குற்றச்சாட்டு மெமோ, கொடுத்திருக்கிறார்கள். கோர்ட் வாசலில் ஒருவர், "இது டபுள் ஜியோபார்டி, ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டால் உடனே ரத்து" என்று 40,000 ரூபாய் கேட்கிறார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில், அது ஜியோபார்டி இல்லை, ஜெப்பர்டி. சிறுத்தையை லெப்பர்ட் என்கிறோமே, அதிலும் இப்படித்தான் ஓர் 'ஓ' சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பழைய பிரெஞ்சில் இது 'பிரிந்த ஆட்டம்'. வெற்றியோ தோல்வியோ, இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் சதுரங்கப் புதிர்களை இந்தச் சொல்லால் குறித்தார். போகப்போக 'ஜெயிக்கலாம்' என்ற பாதி உதிர்ந்து, 'போச்சு' என்ற பாதி மட்டும் நின்றது. ஆக, ஜெப்பர்டி என்பது தலைக்கு மேல் தொங்கும் கத்தி, விழுந்த வெட்டு அல்ல. தமிழில் 'இரட்டைத் தண்டனை' என்று பெயர்த்துவைத்ததால்தான், எது இரண்டாவதாக வந்தாலும் கூடாது என்று ஆளாளுக்கு நினைக்கிறார்கள்.

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை ஜெப்பர்டியில் வைக்காதே என்றது 1791இல் வந்த அமெரிக்க ஐந்தாம் திருத்தம். நம் அரசியல் சட்டத்தின் 20(2)இல் அந்த வார்த்தையே இல்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். விடுதலையானவரைக் காப்பது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸின் 337ஆம் பிரிவு, அதாவது பழைய சிஆர்பிசி 300. இரண்டுமே கோர்ட் வழக்குக்கு. ஆபீஸ் விசாரணை வேறு பலகை. அங்கே போவது வேலை, ஜெயில் அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணமும் அங்கே தேவையில்லை.

ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து' என்று இருக்கிறதா? (எதிரி என்றால் நீங்கள்தான், பயப்படாதீர்கள்.) இருந்தால் பிடி பலவீனம். புகார்தாரர் முன்பு சொன்னதை கோர்ட்டில் மாற்றிச் சொல்லி பிறழ்சாட்சி ஆனதால் வந்த விடுதலையும் அப்படியே. மாறாக, சாட்சிகளை முழுதாக அலசி, பணம் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லை என்று நீதிபதி எழுதியிருந்தால் அது மரியாதையான விடுதலை. அதே சாட்சி, அதே ஆவணம் என்றால் மெமோவை எதிர்க்க அது நல்ல ஆயுதம். அப்போதும் வாதம் ஜெப்பர்டி அல்ல.

வழக்கு நடந்த வருஷமெல்லாம் தூங்கிய ஃபைல் விடுதலை வந்ததும் விழித்துக்கொள்வது நம் துறைகளின் தனிக்கலை. காரணமில்லாத தாமதத்துக்காக மெமோக்கள் ரத்தானதும் உண்டு. அதனால் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

மெமோவில் கொடுத்த கெடுவுக்குள் பதில் போக வேண்டும். "ரிட் போட்டாச்சு, பதில் வேண்டாம்" என்று வாசல் ஆசாமி சொல்வார். கேட்டீர்களென்றால், நீங்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடுவார்கள். சர்வீஸ் வழக்கு நடத்தும் வக்கீலிடம் தீர்ப்பு நகலோடு போங்கள்.