பண்ணை நாய்க்கு நிற்காத கழிச்சல்

கேள்வி: மாட்டுப் பண்ணைக் காவலுக்கு 4 வயது ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறேன். இரண்டு மாதமாகக் கழிச்சல், விலா எலும்பு தெரிகிறது. மருந்துக் கடை மாத்திரையில் நிற்கிறது, விட்டால் திரும்புகிறது. எண்டோஸ்கோப்பியில் குடல் சதை எடுத்துப் பார்த்து, லிம்போசைட், பிளாஸ்மா செல்கள் அதிகம், குடல் அழற்சி என்று ரிப்போர்ட் தந்தார்கள். இது புற்றுநோயா? செல்களைக் குறைக்க எந்த மாத்திரை நல்லது?
– வாசகர், கோபி

பதில்: நீங்கள் எழுதியபடி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று இல்லை. அந்தச் செல்கள் உடம்பின் நோய் எதிர்ப்புப் படை, நல்ல குடலிலும் இருப்பவைதான். பிளாஸ்மா செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைச் சுரந்து, கிருமி குடல் சுவரில் ஒட்டாமல் காக்கும். தின்னும் உணவையும், குடலிலேயே வாழும் பாக்டீரியாவையும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இந்தப் படையின் வேலை. அந்தப் பொறுமை கெட்டால் இந்தச் செல்கள் குடல் சுவரில் குவிந்து அதைத் தடிக்க வைக்கும், சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகும். அப்புறம் தின்றது எப்படி உடம்பில் ஒட்டும்?

நீங்கள் மாத்திரையைக் கேட்கிறீர்கள். தீனியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பண்ணை நாய் சிந்திய பாலை நக்கும், தொட்டியில் ஊறும் பிண்ணாக்கைத் தின்னும், கன்று போட்ட மாட்டின் நஞ்சுக்கொடியை இழுத்துக்கொண்டு ஓடும். இதற்கு மேல் பிள்ளைகள் போடும் பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கழிவு. நாள்பட்ட கழிச்சல் நாய்களில் பாதிக்கு மேல் தீனியை மாற்றியதிலேயே தேறுகின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

அது இதுவரை தின்னாத ஒரே புரதம், ஒரே மாவுச்சத்து கொடுங்கள். மீன் பழக்கமில்லை என்றால், முள் நீக்கி வேகவைத்த கடல் மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போதும். உப்பு, மசாலா வேண்டாம். கறவை நேரத்தில் கட்டிப்போடுங்கள். ஒரு பிஸ்கட் உள்ளே போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறைச்சி ருசி சேர்த்த பூச்சி மாத்திரைகூட இந்த நாட்களில் ஆகாது. தேறிய பிறகு கால்சியம், வைட்டமின் அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். மீனும் கிழங்கும் மட்டும் காலத்துக்கும் போதாது.

நாயைப் பார்க்காமலே மருந்துக் கடைக் கவுன்டரில் மெட்ரோனிடசோல் என்ற பாக்டீரியா கொல்லி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது வைத்தியமே அல்ல, வெறும் வியாபாரம். அது குடலின் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கிறது. நிறுத்தி வாரக்கணக்கில் ஆனாலும் அவை சரியாக மீள்வதில்லை. நாய்க்கு ஸ்டீராய்டு ஊசியையும் அங்கே போடாதீர்கள்.

ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம், வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். இந்த இனத்தில் கணையம் சுருங்கும் நோயும் உண்டு, அதைக் காட்டும் டிஎல்ஐ (TLI) ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இருந்தால் தீனியை மட்டும் நம்பி இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அங்கே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினால், கழிச்சல் நின்றதும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அவர்கள் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும்.