எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்: கேள்வி பதில்

எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வுகளுக்கு வெளித்தேர்வாளராகப் போய்வருபவன் நான். தலைப்பு எழுதித் தரச் சொல்கிறவர்களுக்குப் பதில் கிடையாது. மற்றவர்கள் கேட்கலாம்.

திருப்பூர் மாணவி: பனியன் கம்பெனி ஒன்றில் 'ஊழியர் மனநிறைவு குறித்த ஓர் ஆய்வு' செய்கிறேன். கைடு ஒப்புக்கொண்டார். போதுமா?

அந்தத் தலைப்பில் மறுக்க ஒன்றுமில்லை, அதனால் ஒப்புக்கொண்டார். முதலாளியிடம் போய், எந்த முடிவை எடுக்க முடியாமல் தள்ளிப்போடுகிறார் என்று கேளுங்கள். ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்புவதில்லை, விடுதி கட்டுவதா, பீஸ் ரேட்டை (தைத்த துணி ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலியை) உயர்த்துவதா என்று குழம்பிக்கொண்டிருப்பார். அதுதான் உங்கள் ஆய்வு.

சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது 'மனநிறைவில்லை' என்ற கட்டத்தில் யார் டிக் போடுவார்? வினாப்பட்டியலை ஓரம் வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் எத்தனை மாதம் தங்கினார்கள் என்று பாருங்கள். விடுதியில் இருந்தவர், வாடகை வீட்டில் இருந்தவர், பீஸ் ரேட்காரர், ஷிப்ட் சம்பளக்காரர் என்று பிரியுங்கள். இன்னும் வேலையில் இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். போனவர்களை மட்டும் கணக்கிட்டால் தங்கும் காலம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். விடுதிக்காரர்கள் அதிக நாள் இருந்தால் உடனே விடுதியே காரணம் என்று எழுதவும் கூடாது. தொலைதூர ஊர்க்காரர்கள்தான் விடுதியில் சேர்கிறார்கள் என்றால், அந்தத் தூரமே காரணமாக இருக்கலாம். விலகியவர்களில் எட்டுப் பத்துப் பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பதிவேட்டைத் தருவதாகக் கம்பெனியிடம் கடிதம் வாங்குங்கள். தலைப்பைப் பிறகு பதிவு செய்யலாம்.

ஈரோடு, வங்கி ஊழியர் (பகுதிநேர எம்.பி.ஏ.): எட்டுப் பேரிடம் பேசுவது ஆய்வா? எண் இல்லாத அறிக்கையை எந்த மேலாளர் படிப்பார்?

மதுரை மாணவர்: எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் என்ன செய்வார்கள் ஐயா? எங்கள் சீனியர்கள் போட்ட வட்டப் படங்களை அந்தக் கம்பெனிகளில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஈரோடு: படம் தவறாக இருந்தால் எண்ணா பொறுப்பு?

இருவரும் பொறுங்கள். வங்கிக்காரரே, தவணை தவறியவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அதை மறுபடி எண்ணித் தருவதற்கு எம்.பி.ஏ. எதற்கு? தவறியது மழை பொய்த்ததாலா, மகள் கல்யாணத்தாலா, நீங்கள் அனுப்பும் ஆங்கிலக் குறுஞ்செய்தி புரியாததாலா? கடன் வாங்கியவரிடம் உட்கார்ந்து பேசினால்தான் தெரியும். மதுரைத் தம்பி, துள்ள வேண்டாம். எட்டில் ஆறு பேர் சொன்னதை '75 சதவீத வாடிக்கையாளர்கள்' என்று நீங்கள் எழுதினால் அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு போடும் முதல் ஆள் நான்தான். பேச்சிலிருந்து காரணங்களை எடுங்கள், அவை எவ்வளவு பரவலானவை என்பதைப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

ஈரோடு: வங்கி அந்த விவரத்தைத் தராதே?

அப்படியானால் வேறு தலைப்பு. கடிதம் முதலில் என்று சொன்னேனே.

சேலம்: மாதிரி அளவு (கருத்துக் கேட்க வேண்டியவர்கள்) 384 வேண்டும் என்கிறார்களே?

95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை, மிகப் பெரிய மக்கள்தொகை (ஆய்வுக்கு உட்படும் மொத்தப் பேர்) என்று வைத்தால் வரும் எண் அது. கிரெஜ்சி, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையிலும் இருக்கிறது. அதே அட்டவணை 200 பேர் கொண்ட கம்பெனிக்கு 132 என்கிறது. ஆனால் இரண்டுமே சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பிச் சேர்த்த 384 பேர் உங்கள் நண்பர்கள், அவ்வளவுதான்.

வேலூர்: 100 பேர் போதுமா?

மேலே பார்க்கவும்.

கரூர்: 120?

மேலே!

கோவை: க்ரான்பாக் ஆல்ஃபா 0.52 வருகிறது. 0.7 ஆக்க எந்தப் பதில்களை நீக்கலாம்?

ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகளுக்கு வந்த பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் ஆல்ஃபா. எதையும் நீக்காதீர்கள். எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். பல நேரம் கோளாறு அங்கேதான். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி ஆறு முறை கேட்டாலும் ஆல்ஃபா ஏறும், அதில் பெருமை இல்லை.

நெல்லை: நகல் சோதனையில் 38 சதவீதம். தப்பிக்க முடியுமா?

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், அதிகபட்சம் ஆறு மாதம். இணையதளத்திலிருந்து எடுத்து ஒட்டிய கம்பெனி வரலாறு எத்தனை பக்கம் இருக்கிறது? அதை அரைப் பக்கமாக உங்கள் நடையில் எழுதிவிட்டு மறுபடி சோதியுங்கள்.