பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஜெபத்தில் எதற்கு?

கேள்வி: இருபது ஆண்டுகளாக அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன், வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறேன், தசமபாகம் ஒரு மாதமும் தவறியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரோ கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆலயத்துக்கு வருகிறவர். அவர் மகளுக்கு வரன் தேடிய இரண்டே மாதத்தில் திருமணம் நிச்சயமாகிவிட்டது. என் மகளுக்கு இன்னும் அமையவில்லை. அழைப்பிதழ் வந்திருக்கிறது, போக மனமில்லை. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்பதில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: சகோதரி, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் "இன்னும் ஒன்றும் அமையலையா?" என்ற விசாரிப்பைத் தாண்டித்தான் நீங்கள் வீடு திரும்ப வேண்டியிருக்கும். அந்த வலி உண்மையானது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் உங்கள் மகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் நீங்கள் செய்தவையும் அவர் செய்யாதவையும்தான்.

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இருவரைப் பற்றி இயேசு ஓர் உவமை சொன்னார்: ஒருவன் மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொண்ட பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். அந்தப் பரிசேயனை நினைத்துப் பாருங்கள். நியாயப்பிரமாணம் ஜனம் முழுவதற்கும் விதித்த உபவாசம் ஆண்டுக்கு ஒரே நாள், பாவநிவிர்த்தி நாள். அவனோ வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான். அவன் கணக்கில் பொய் இருந்ததாக இயேசு சொல்லவில்லை. அவன் ஜெபத்தில் விண்ணப்பம்தான் இல்லை; தன்னைப் பற்றியும் ஆயக்காரனைப் பற்றியும் பேசி முடித்தான், கேட்டது ஒன்றுமில்லை. ரோம ஆட்சிக்காகச் சொந்த ஜனத்திடமே வரி வசூலித்த ஆயக்காரன் தன்னைப் பாவி என்றது வெறும் அவையடக்கம் அல்ல, அது உள்ளபடியான உண்மை. கை கட்டித் தலை குனிவதையே தாழ்மை என்று நாம் பழகிவிட்டோம்; நம்மைப் பற்றிய உண்மையைத் தேவனுக்கு முன் ஒளிக்காமல் சொல்வதற்கு அல்லவா அந்தப் பெயர்!

உங்களுக்கு இன்னும் நெருக்கமானவள், பிள்ளையில்லாதிருந்த அன்னாள். அவள் கணவனின் மற்றொரு மனைவியும் பிள்ளைகளைப் பெற்றவளுமான பெனின்னாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வருஷந்தோறும் அவளை மனமடிவாக்கினாள். ஆனால் சீலோவிலிருந்த கர்த்தருடைய ஆலயத்தில் மனங்கசந்து அழுது அன்னாள் ஏறெடுத்த விண்ணப்பத்தை (1 சாமுவேல் 1:11) வாசித்துப் பாருங்கள்: பெனின்னாளின் பெயர் அதில் இல்லை, அவளுக்குக் கொடுத்தீரே என்ற முறையீடும் இல்லை. உதடு மட்டும் அசைய, சத்தமே கேட்காமல் ஜெபித்தவளை ஆசாரியனாகிய ஏலி குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். அவளோ தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாகச் சொன்னாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்கிறது வேதம். அவள் கேட்டுப் பெற்ற மகன் சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை!

கர்த்தர் கேட்கிறார் என்பதே என் விசுவாசம். திருமணம் எந்த மாதம் கூடும் என்று என்னால் சொல்ல முடியாது. தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை கேட்பவர்களை, தயவுசெய்து, நம்பாதீர்கள்.

நாளைக் காலை நான்கு மணிக்கு முழங்காலில் நிற்கும்போது இருபது வருடக் கணக்கையும் பக்கத்து வீட்டையும் விட்டுவிட்டு, உங்கள் மகளின் பெயரை மட்டும் சொல்லி அழுங்கள். அதற்கு முன், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று அவளிடமே ஒருமுறை கேளுங்கள்; கடிதத்தில் அது எங்கும் இல்லை. அந்தத் திருமணத்துக்கு நீங்கள் போங்கள். மகளை வற்புறுத்தாதீர்கள், அவள் வருவதானால் கூட்டிப் போங்கள்.