படிச்சே இங்கிலீஷ் வொக்காபுலரிய ஏத்த முடியுமா?

கண்டிப்பா முடியும், ஆனா டிக்‌ஷனரிய மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரே வாரத்துல மறந்துடும். நான் காலைல தாம்பரத்துல ட்ரெயின் ஏறினா பார்க் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள பேப்பர்ல ஒரு எடிட்டோரியல் முடிச்சிடுவேன், தெரியாத வார்த்தை வந்தா உடனே மொபைல எடுக்காம முன்பின் வரிய வச்சு யூகிச்சுட்டு அப்புறம்தான் செக் பண்ணுவேன். அப்படித்தான் சென்னை வெள்ளத்த பத்தின கட்டுரைல 'மிட்டிகேட்'னு பார்த்தேன், பாதிப்ப குறைக்கிறதுன்னு யூகிச்சது சரியா இருந்துச்சு, அந்த முழு வரியையும் நோட்டுல எழுதினேன், இன்னிக்கு வரைக்கும் மறக்கல. வார்த்தையோட வேரையும் பாருங்க, லத்தீன்ல 'பெனெ'ன்னா நல்லபடியான்னு அர்த்தம், பெனிஃபிட் (நன்மை), பெனவலண்ட் (நல்ல மனசுள்ள), பெனிஃபேக்டர் (உதவி செய்றவர்) எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். புக் வாங்க காசில்லையா, கோட்டூர்புரத்துல 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கே, உள்ள உக்காந்து படிக்க ஒரு பைசா வேணாம்.