கனடாக் குளிரில் கறிவேப்பிலை மொட்டையாகிவிட்டதா? எறிந்துவிடாதீர்கள்

"டொரன்டோவில் யன்னலோரம் வைத்த கறிவேப்பிலை மரம் இலை முழுக்கக் கொட்டிவிட்டது, எறிந்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எறியாதீர்கள். முதலில் நகத்தால் தண்டை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. நுனிக் கொப்பு காய்ந்திருந்தாலும் அடித்தண்டு வரை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நாங்களும் டொரன்டோவில்தான், ஸ்கார்பரோப் பக்கம் இருக்கிறோம். ஒருமுறை தைப்பொங்கலுக்கு முதல் வீட்டுக்கு வந்த மச்சாள் எங்கள் மரத்தைப் பார்த்துவிட்டு, "பட்ட மரத்தை வீட்டுக்குள்ள வைச்சிருக்கக் கூடாது, வெளியில போடுங்கோ" என்றார். என் கணவரும் தலையாட்டிக்கொண்டு கராஜ் கதவைத் திறந்துவிட்டார். வெளியே உறைகுளிர். நான் சாடியை விடவேயில்லை. அவர்கள் முன்னாலேயே தண்டைச் சுரண்டிக் காட்டினேன். ஈரப் பச்சை பளிச்சென்று தெரிந்தது, கறிவேப்பிலை வாசமும் வந்தது. அந்த மரம் இன்றைக்கு என் தோளுயரம் நிற்கிறது.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் 9 மணி நேரம்தான். அந்த வெளிச்சம் போதாமல் மரம் வளர்வதை நிறுத்திவிடும். இரவுக் குளிர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலும் இலை மஞ்சளாகிக் கொட்டும். அதனால்தான் செப்டம்பரிலேயே உள்ளே எடுக்க வேண்டும் என்கிறோம். இலை இல்லாத மரம் தண்ணீரும் அவ்வளவாக எடுக்காது. "பாவம், வாடிப்போச்சு" என்று நாள்தோறும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். நான் பார்த்தவரை, குளிர்காலத்தில் இங்கே சாகிற மரங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் சாகின்றன. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள், அதுவும் குழாயில் ஐஸ் மாதிரி வருகிற தண்ணீரை அல்ல. முதல்நாளே பிடித்து வைத்ததை விடுங்கள்.

கீழே யாராவது வந்து, "நாங்கள் தினமும் தண்ணீர் விடுகிறோம், நன்றாகத்தானே நிற்கிறது" என்று எழுதுவீர்கள். நிற்கலாம். எல்இடி விளக்குப் போட்டு 12 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிற வீட்டில் மரம் உறங்காது. நான் சொல்வது யன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பியிருக்கிற வீடுகளுக்கு.

சாடியைத் தெற்குப் பக்க யன்னலில் வையுங்கள், ஆனால் கொப்பு கண்ணாடியில் முட்டக் கூடாது. ஹீட்டர் காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்த வறண்ட காற்றில்தான் சிலந்திப்பேன் பெருகும். தண்டில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பொருக்கு மாதிரி ஒட்டியிருந்து, கீழே தரையும் பிசுபிசுத்தால் அது செதில்பூச்சி. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுங்கள். மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொல்லுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மரத்தை எறியச் சொன்ன அதே சனம்தான் ஆகஸ்டில் வந்து, கேட்காமலே நுனிக்கொப்பை ஒடித்துப் பையில் போடுகிறது. கறிவேப்பிலை கேட்டால் யார் இல்லையென்று சொல்லப்போகிறோம்? கத்தரிக்கோலால் நறுக்கித் தருவேன். அவர்களோ ஈர்க்கோடு பட்டை கிழிய இழுக்கிறார்கள். அந்தக் காயத்தோடுதான் மரம் குளிர்காலத்துக்குள் போகிறது. பிறகு செத்துப்போச்சு என்று நமக்கே கதை சொல்லுவார்கள்.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். இப்போதைக்கு உரம் போடாதீர்கள், சாடி மாற்றவும் வேண்டாம். பெரும்பாலும் மார்ச்சில் பகல் நீளும்போது கணுக்களில் தளிர் முட்டும். அப்போது காய்ந்த நுனியை வெட்டிவிட்டுக் கொஞ்சம் உரம் கொடுக்கலாம். மே மாதப் பிற்பகுதியில் வருகிற விக்டோரியா தின விடுமுறை கழியும்வரை வெளியே வைக்காதீர்கள். வைத்தாலும் முதல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். வீட்டுக்குள்ளேயே முளைத்த தளிர் நேர் வெயிலில் கருகிவிடும்.