உருளைக்கிழங்குச் செடி செழிப்பாக நிற்கிறது, கிழங்கைக் காணோமே, ஏன்?

வளர்ப்புப் பையில் வைத்த செடி 50 நாளில் இரண்டடி வளர்ந்துவிட்டது, ஓரமாகக் கிளறிப் பார்த்தால் ஒரு கிழங்குகூட இல்லை, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். என் முதல் செடியை நான் அப்படித்தான் பிடுங்கினேன். மண்ணை உதறியபோது வெள்ளை வெள்ளையாக நூல் போலத் தண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியும் கொக்கி மாதிரி வளைந்து, மிளகு அளவுக்கு உருண்டிருந்தது. கிழங்கு பிடிக்க ஆரம்பித்த நேரத்தில் பிடுங்கிவிட்டோமே என்று ரொம்ப நாள் மனசு ஆறவில்லை.

உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு. அதனால்தான் அதில் முளை விடும் கண்கள் இருக்கின்றன. மண்ணுக்குள் மறைந்திருக்கும் தண்டிலிருந்து, நட்ட கிழங்குக்கு மேலேதான் அந்த வெள்ளைத் தண்டுகள் பக்கவாட்டில் கிளம்பும். இருட்டில் இருந்தால் நுனி பருத்துக் கிழங்காகும். வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் இலை விட்டு இன்னொரு கிளையாகிவிடும். மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். செடி ஓர் அரையடி வந்ததும் பாதித் தண்டு மறையும்படி மண்ணும் மக்கிய உரமும் கலந்து அணைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. நீங்கள் ஒருமுறைகூட அணைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றே அணையுங்கள். கொக்கி நுனிகள் அறுந்துவிடும், அதனால் கொத்திக் கிளற வேண்டாம், மேலே போட்டாலே போதும்.

அடுத்தது உரம். வாரம் தவறாமல் ஊற்றுகிறேன் என்கிறீர்களே, அது தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரமாக இருந்தால் செடி இலையிலேயே சந்தோஷமாக இருந்துவிடும், கிழங்கைத் தள்ளிப்போடும். நிறுத்திவிடுங்கள். சாம்பல்சத்து (பொட்டாசியம்) உள்ளது ஏதாவது கொஞ்சம் கொடுக்கலாம்.

சூட்டையும் பாருங்கள். இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். வெயிலில் பையின் பக்கச்சுவர் சுட்டால் உள்ளே மண்ணும் சுடும். நான் பைகளை நெருக்கி வைத்து, வெளிப்பக்கம் சாக்கு சுற்றி, மேலே காய்ந்த இலைகளைப் பரப்புவேன். இப்படிச் செய்யத் தொடங்கிய வருடம்தான் முதன்முதலாகக் கை நிறையக் கிழங்கு பார்த்தேன்.

தண்ணீர் சீராக இருக்கட்டும். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். தேங்கினால் அழுகும்.

பெரும்பாலான ரகங்களுக்கு 90 முதல் 110 நாள் ஆகும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, செடி காய்ந்த பிறகு இன்னும் 10 நாள் மண்ணுக்குள்ளேயே விடுங்கள், தோல் முற்றும். எடுத்ததைக் கழுவாமல் நிழலில் உலர்த்தி, இருட்டான இடத்தில் வையுங்கள். பச்சை பாரித்த கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு சேர்ந்திருக்கலாம், அதைச் சமைக்க வேண்டாம். பூ உதிர்ந்து குட்டித் தக்காளி போலக் காய் வந்தால் அதுவும் நஞ்சுதான், வீட்டில் குழந்தைகள் இருந்தால் உடனே கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை இதே மண்ணில் மறுபடி உருளையோ தக்காளியோ கத்தரியோ வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அவரையோ கீரையோ போடலாம்.