ஆயில் முழுக்கப் போய்விட்ட செஸ்னா 172 எஞ்சினில் புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாமா?

கேட்டவர் சொன்ன நிலைமை இது. செஸ்னா 172எஸ், ஐஓ-360-எல்2ஏ எஞ்சின். பயிற்சிப் பறப்பின் கடைசிக் கட்டத்தில் ஆயில் பிரஷர் ஆட ஆரம்பித்து, இறங்கும்போது சிவப்புக்குப் போய்விட்டது. ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும் எஞ்சினை அணைத்திருக்கிறார்கள். வயிற்றுப்பக்கம் முழுக்க ஆயில், டிப்ஸ்டிக் காய்ந்து கிடக்கிறது. கசிவைச் சரிசெய்து 8 குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) ஊற்றி, தரையில் ஓட்டி, பிரஷர் வந்தால் பறக்க விடலாமா?

வேண்டாம். அந்த "தரையில் ஓட்டிப் பார்ப்பதை" முதலில் நிறுத்துங்கள். 14 வருடமாகப் பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் வேலை பார்க்கிறேன், அடிபட்ட பேரிங் புது ஆயிலில் நல்ல பிரஷர் காட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு, ஏதாவது உலோகத்தூள் உதிர்ந்திருந்தால் நீங்கள் ஓட்டும் அந்த 5 நிமிடத்தில் அது கூலருக்குள்ளும் ஆயில் வழிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும்.

முதல் வேலை ஸ்பேனரே எடுக்காமல் செய்ய வேண்டியது. உங்கள் விமானத்தில் ஜி1000 (அளவுகளைத் திரையில் காட்டும் கருவித் தொகுப்பு) இருந்தால் அதன் எஸ்டி கார்டில் ஆயில் பிரஷர், வெப்பநிலை, ஆர்பிஎம் எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகியிருக்கும். யாராவது அழித்துவிடுவதற்கு முன்னால் அதைப் பிரதி எடுங்கள். எத்தனை குவார்ட் போனது என்பதை விட, பிரஷர் இல்லாமல் எத்தனை நொடி, என்ன பவரில் ஓடியது என்பதுதான் கேள்வி. விமானக் கையேடு 5 குவார்ட்டுக்குக் கீழே பறக்காதே என்கிறது, அது பாதுகாப்புக்கான இடைவெளி. எஞ்சினைச் செய்யும் லைகமிங் நிறுவனம் தன் கையேட்டில் இந்த வகை எஞ்சினுக்குச் சம்ப்பில், அதாவது அடியிலிருக்கும் ஆயில் தொட்டியில், குறைந்தபட்சம் 2 குவார்ட் என்று போட்டிருக்கிறது. உறிஞ்சும் குழாயின் வாய் ஆயிலில் மூழ்கி இருக்கும்வரை பேரிங்குகளுக்கு ஆயில் போய்க்கொண்டுதான் இருக்கும், சூடு மட்டும் ஏறும். வாய் வெளியே வந்து காற்றை இழுக்கும்போதுதான் முள் ஆடும். அந்த நொடியிலிருந்து கணக்கு. 2700 ஆர்பிஎம்மில் 40 நொடி என்றால் கிராங்க் 1800 தடவை சுற்றியிருக்கிறது, அதையே த்ராட்டிலை முழுக்க இழுத்து கிளைடு மாதிரி இறங்கிய 40 நொடியோடு ஒப்பிடக் கூடாது, சுமை அவ்வளவு வித்தியாசம்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பெரிய ஜெட் ஒன்று. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நஸ்ஸாவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855, லாக்ஹீட் எல்-1011. மூன்று எஞ்சினிலும் சிப் டிடெக்டரை (ஆயிலில் உலோகத்தூளைப் பிடிக்கும் கருவி) ஓ-ரிங் என்ற ரப்பர் அடைப்பு வளையம் இல்லாமல் மாட்டியிருந்தார்கள், மூன்றிலும் ஆயில் ஒழுகியது. நடு எஞ்சினில் பிரஷர் குறைந்ததும் விமானிகள் அதை உடனே அணைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் ஓடி ஓடியே நின்றுபோயின. கடைசியில் அணைத்து வைத்த அந்த ஒன்றைத் திரும்ப ஸ்டார்ட் செய்துதான் மயாமியில் இறங்கினார்கள். டர்பைன் வேறு, பிஸ்டன் வேறு, ஆனால் சீக்கிரம் அணைத்ததுதான் அந்த எஞ்சினைக் காப்பாற்றியது.

சரி, அடுத்து ஃபில்டர். மிச்சமிருக்கும் பழைய ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள், கொட்டாதீர்கள். ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், பிளேடின் தூளையே பேரிங் தூள் என்று நினைத்துப் பதறுவீர்கள். அதற்கென்று கட்டர் இருக்கிறது. உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெட்டியெடுத்து, வைஸில் வைத்து அழுத்திப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். பளபளக்கும் கறுப்புச் செதில் இருந்தால் விரலில் நசுக்குங்கள், பொடியானால் அது கரி. நசுங்காவிட்டால் உலோகம். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மேலே நகர்த்துங்கள், ஒட்டுவது இரும்பு, வால்வுகளைத் திறக்கும் கேம் அல்லது லிஃப்டரிலிருந்து வந்திருக்கலாம். லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது, அதன் லோபுகளுக்குத் தெறிக்கும் ஆயில்தான் ஆதாரம் என்பதால் அதையும் மறக்கக் கூடாது. ஒட்டாமல் பொன்னிறத்தில் மினுங்கினால் வெண்கலம் அல்லது செம்பு, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும் நிறம். வெள்ளையாக இருந்து காஸ்டிக் சோடாக் கரைசலில் குமிழி விட்டுக் கரைந்தால் அலுமினியம். சம்ப்பிலிருக்கும் சக்ஷன் ஸ்க்ரீனையும் கழற்றிப் பாருங்கள், பெரிய துண்டுகள் அங்கேதான் மாட்டும்.

ஆயிலை லேபுக்கு அனுப்புங்கள், ஆனால் அறிக்கையில் ஈயம் அதிகம் என்று வந்தால் பேரிங் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். 100எல்எல் விமானப் பெட்ரோலிலேயே ஈயம் இருக்கிறது, அது எப்போதும் ஆயிலில் ஆயிரக்கணக்கில் காட்டும். இரும்பு, செம்பு, தகரம், அலுமினியம் இவற்றை முந்தைய அறிக்கைகளோடு வைத்துப் பாருங்கள். புதிதாக ஊற்றிய ஆயிலில் எடுத்த சாம்பிளுக்கு இந்த விஷயத்தில் மதிப்பே இல்லை.

போரஸ்கோப்பில் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் சிறு கேமரா) சிலிண்டர் சுவரில் செங்குத்துக் கீறல்கள் தெரிந்தால் பிஸ்டன் உராய்ந்திருக்கிறது. கம்ப்ரெஷன் டெஸ்டும் செய்யுங்கள், ஆனால் 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்ததில் 78 நின்றது என்று கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த டெஸ்ட் ரிங்கையும் வால்வையும்தான் சொல்லும், பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

முதலில் பட்டினி கிடப்பது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங். ஆயில் மெயின் பேரிங்குக்குப் போய், கிராங்குக்குள் இருக்கும் துளை வழியாகத்தான் ராடுக்கு வருகிறது, வரிசையில் கடைசி ஆள் அது. அதனால் பிரஷர் சில நொடிக்கு மேல் பூஜ்யமாக இருந்திருந்தால், ஃபில்டர் சுத்தமாக இருந்தாலும் நான் குறைந்தது ஒரு சிலிண்டரைக் கழற்றுவேன், அதிகம் சூடான சிலிண்டராக. கழற்றியதும் ராடின் பெரிய முனையும் பக்கத்திலிருக்கும் கிராங்க் பகுதியும் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: எஞ்சின் உடலின் இரண்டு பாதிகளையும் பிணைக்கும் த்ரூ போல்ட்டின் இறுக்கம் விட்டிருக்கும்போது ப்ரொப்பெல்லரைச் சுற்றாதீர்கள், மெயின் பேரிங் இடம் நகரும். சிலிண்டர் இருந்த இடத்தில் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டார்க் பிளேட் போட்ட பிறகுதான் சுற்ற வேண்டும்.

இரண்டு எஞ்சின்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒன்றில் ஃபில்டர் மாற்றும்போது பழைய கேஸ்கெட் (அடைப்பு வளையம்) ஃபில்டர் உட்காரும் பேடிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டியிருந்தார்கள். ஆயில் போனது, ஆனால் பயிற்சியாளர் முள் ஆடியதுமே பவரை இழுத்து இறங்கிவிட்டார். ராட் பேரிங்கை எடுத்துப் பார்த்தோம், மேல் பூச்சு ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம், நகத்தால் தடவினால் கூட ஒரு வரி தட்டவில்லை. புது ராட் போல்ட், நட், பேரிங் போட்டுத் திரும்ப மாட்டினோம். இன்னொன்று சுமார் 3 நிமிடம் ஏறும் பவரிலேயே ஓடியது. அந்தப் பள்ளியில் ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் 75 நிற்கிறது, ஒன்றுமில்லை என்றார்கள். நான் விடவில்லை. பேரிங்கை எடுத்தால் சாம்பல் பூச்சு ஒரு பக்கம் முழுக்க வழித்துக்கொண்டு போய், உள்ளே செம்பு தெரிந்தது, ஓரத்தில் பூச்சு உருகி மெழுகு மாதிரித் திரண்டு நின்றது. முழு ஓவர்ஹாலுக்கு அனுப்பினோம்.

உங்கள் ஜி1000 பதிவில் பிரஷர் பூஜ்யமாக இருந்தது 10 நொடிக்குள், த்ராட்டில் குறைவு, ஃபில்டரும் சிலிண்டருக்குள்ளும் சுத்தம், பேரிங் சாம்பல் என்று வந்தால் நான் திரும்ப ஓட்டுவேன். முதல் தரை ஓட்டத்துக்குப் பிறகு ஃபில்டரை வெட்டிப் பார்த்து, பிறகு 10 மணி நேரத்தில் ஒரு தடவை, 25-ல் ஒரு தடவை. செம்பு தெரிந்தாலோ நீலம் தெரிந்தாலோ எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான், அப்போது ஆயில் கூலரைக் கழுவி மறுபடி மாட்டாமல் புதிதாகப் போடுங்கள், அதன் மடிப்புகளில் ஒளிந்த தூளை முழுக்க வெளியே எடுக்க முடியாது. லாக்புக்கில் "ஆயில் கசிவு சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிவிடாமல், பிரஷர் இல்லாமல் எத்தனை நொடி, எத்தனை ஆர்பிஎம், எந்த சிலிண்டரைத் திறந்து என்ன பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 300 மணி நேரம் கழித்து அதே எஞ்சினின் கவுலிங்கைத் திறக்கும் ஆளுக்கு அந்த நாலு வரி வேண்டும்.